சம்பளச் சீட்டில் பிடித்தம், பாஸ்புக்கில் காணோம்

ஃபீனிக்ஸ் பே பக்கம் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும், "பி.எஃப். மாசாமாசம் பிடிக்கிறாங்கண்ணே, அது பாட்டுக்குச் சேந்துக்கிட்டு இருக்கு" என்றுதான் சொல்வார்கள். பிடிப்பது உண்மை. சம்பளச் சீட்டில் அச்சடித்தே தருகிறார்கள். ஆனால் சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்தச் சீட்டு சாட்சியாகாது. பிடித்த பணம் வருங்கால வைப்பு நிதிக்குப் போனதா, நம் பெயரில் வரவானதா என்பதை நாமே பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் விட்டதால், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆயுள் முழுக்க வர வேண்டிய பென்ஷனே கைநழுவிப் போகப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். நீளமான பதிவு; பொறுமையாகப் படியுங்கள், பக்கத்தில் வேலை செய்கிறவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இந்த ஊரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஹேவ்லாக், நீல், ரங்கத் என்று மற்றத் தீவுகளுக்கு அரசுக் கப்பல்கள் கிளம்புகிற துறை ஃபீனிக்ஸ் பே. பக்கத்திலேயே மரைன் டாக்யார்டு. அந்தச் சுற்று வட்டாரம் முழுக்க வெல்டிங், பெயின்டிங், எஞ்சின் வேலை, லோடிங், காவல், துப்புரவு. ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்தவர்களின் தமிழ் அங்கே காதில் விழுந்துகொண்டே இருக்கும். இவர்களில் பலருக்குச் சம்பளம் கொடுப்பது அவர்கள் வேலை செய்கிற நிறுவனம் அல்ல, நடுவில் இருக்கிற கான்ட்ராக்டர். டெண்டர் எடுத்து வருகிறவர் சென்னைக்காரராகவோ கொல்கத்தாக்காரராகவோ இருப்பார். ஒப்பந்தம் முடிந்ததும் ஆபீஸ் ரூமைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆட்கள் மட்டும் அதே ஆட்கள்; அடுத்த கான்ட்ராக்டரின் சட்டையைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நிற்பார்கள். இது நாடு முழுக்க நடக்கிறதுதான். ஆனால் தீவில் ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு: போனவரைத் தேடிப் போய்க் கேட்க, நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல்.

நான் அபர்தீன் பஜாரில் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். சாயங்காலங்களில் தெரிந்தவர்கள் காகிதங்களை எடுத்துக்கொண்டு வருவார்கள். அப்படித்தான் 2023 அக்டோபரில் வெல்டர் அண்ணன் வந்தார். "தம்பி, வர்ற மாசியோட எனக்கு 58 முடியுது. பென்ஷன் ஃபாரம் எப்பப் போடணும்னு பாத்துச் சொல்லு" என்று ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். 2014 ஜூனிலிருந்து வாங்கின சம்பளச் சீட்டு அத்தனையும் அதற்குள் இருந்தன, வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தினக்கூலி; பி.எஃப். என்ற பேச்சே கிடையாது. ஆகவே அவருடைய பென்ஷன் கணக்கு தொடங்குவதே 2014 ஜூனில்தான்.

கணக்கு ரொம்ப நெருக்கமானது. 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் இருக்கிற தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதில் மாதாந்திரப் பென்ஷன் கிடைக்கப் பத்து வருஷச் சேவை வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ இருக்கிற மிச்சத்தை முழு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள். அதாவது ஒன்பதரை வருஷம் இருந்தால் போதும். அண்ணனுக்கு 2024 பிப்ரவரி வரைக்கும் ஒன்பது வருஷம் ஒன்பது மாதம் வந்தது. தாண்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே அவர் போனில் பாஸ்புக்கைத் திறந்தோம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு இந்த மாதிரி வேலையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்க்க முடிகிறது. அதற்கு முன்பு ஓ.டி.பி. வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும்.

பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி. சமீபத்து வரிகளில் தொழிலாளி பங்கு 1,800, முதலாளி பங்கில் பி.எஃப்.புக்கு 550, பென்ஷனுக்கு 1,250. பி.எஃப். கணக்குச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம் பிடித்தால் 1,800 வரும். முதலாளியும் தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும், அதில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்கு. வரிகளை விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். 2021 ஜூன் இருந்தது. அதற்கு அடுத்த வரி 2022 செப்டம்பர். நடுவில் காலியிடம்கூட இல்லை, வரி ஒட்டினாற்போல் இருந்தது. தேதியைப் பார்த்துப் படிக்காவிட்டால் கண்ணில் படாது. 14 மாதம் காணோம். அண்ணன் ஒன்றும் பேசாமல் கவரிலிருந்து 2021 கட்டை எடுத்துப் பிரித்தார். ஜூலைச் சீட்டு: பி.எஃப். 1,800. ஆகஸ்ட் சீட்டு: பி.எஃப். 1,800. பதினான்கு சீட்டிலும் பிடித்திருந்தார்கள்.

அந்த 14 மாதம் இல்லையென்றால் சேவை எட்டு வருஷம் ஏழு மாதம். பென்ஷன் கிடையாது, கொஞ்சம் ரொக்கத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள்.

அடுத்துச் செய்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எஃப். நிதியை நடத்துகிற இ.பி.எஃப்.ஓ.வின் இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கம் ஒன்று உண்டு. கடவுச்சொல் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். கான்ட்ராக்டரின் பெயரையோ அவருடைய பி.எஃப். கோடு எண்ணையோ போட்டால், எந்த மாதத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார், எத்தனை பேருக்குக் கட்டினார் என்று வரிசையாக வரும். 2021 ஜூனில் 31 பேர். ஜூலையில் 12 பேர். அடுத்த 13 மாதமும் அதே 12 பேர். உள்ளே போய்ப் பெயர்களைப் பார்த்தபோது அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்: இவர் சூப்பர்வைசர், இவர் ஆபீஸ் பையன், இவர் கான்ட்ராக்டருக்குச் சொந்தம். வெல்டர், பெயின்டர், லோடிங் ஆட்கள் ஒருத்தர் பெயரும் இல்லை. அத்தனை மாதமும் 31 பேரும் வேலைக்கு வந்தார்கள், 31 பேருக்கும் பிடித்தார்கள் என்றார். 19 பேரின் பணம் கட்டப்படவில்லை.

கான்ட்ராக்டரின் ஆளுக்குப் போன் போட்டபோது வந்த பதில், "அப்போ ஆதார் லிங்க் ஆகாதவங்களுக்கு ஏத்த முடியல" என்பது. ஆதார் இணையாத கணக்குக்குப் பணம் செலுத்த முடியாது என்ற விதி 2021 செப்டம்பர் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. காணாமல் போன மாதங்கள் ஜூலையிலேயே தொடங்கிவிட்டன. போதாததற்கு அண்ணனின் ஆதார் 2019-லேயே இணைந்திருந்தது. ஒருவேளை இணையாமல் இருந்திருந்தாலும், ஏற்ற முடியாத பணத்தை எதற்குப் பிடித்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

நிஜக் காரணம் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மேலே பில் பாஸாகத் தாமதமாகும். கான்ட்ராக்டர் கைமுதலைப் போட்டுச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பார். கை இறுகும்போது வட்டி இல்லாமல் கிடைக்கிற ஒரே பணம், ஆட்களிடம் பிடித்த பி.எஃப். அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று தொடங்கும். அந்த அடுத்த மாதம் வராது. கான்ட்ராக்டர்களின் கஷ்டத்தை நான் புரிந்துகொள்கிறேன். அவர்களுக்கும் கணக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் மற்றக் கடன்களையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கம்பிக் கடைக்காரருக்குப் பாக்கி வைத்தால் அது கடன். தொழிலாளி சம்பளத்தில் பிடித்த 1,800 அப்படிப்பட்டதல்ல. பிடித்த நிமிஷமே அது அவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பணமாகக் கருதப்படும் என்று பி.எஃப். திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவும் அதையே சொன்னது. கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி. அப்போது நடப்பில் இருந்த 1952-ஆம் வருஷத்து பி.எஃப். சட்டத்தின் 14(1ஏ) பிரிவில், தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாதவருக்குக் குறைந்தது ஒரு வருஷச் சிறை, மூன்று வருஷம் வரை போகலாம் என்று இருந்தது. முதலாளி தன் சொந்தப் பங்கைக் கட்டாவிட்டால் குறைந்தபட்சம் ஆறு மாதம் என்று இருந்தது. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

பணம் மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தாமதத்துக்கு வருஷத்துக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். அப்போது வருமான வரியிலும் இடித்தது. 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது: தொழிலாளியிடம் பிடித்ததை பி.எஃப். கெடு தேதிக்குள் கட்டாவிட்டால் அது முதலாளியின் வருமானமாகவே கணக்காகும், பிறகு கட்டினாலும் கழிவு கிடையாது. சிறைத் தண்டனையைக் காட்டினால் அசையாதவர்கள்கூட இதைக் கேட்டால் ஆடிட்டரைக் கூப்பிடுவார்கள்.

சின்ன கான்ட்ராக்டர்கள் மட்டும் செய்கிற வேலை இது என்று நினைக்க வேண்டாம். 2018 பொங்கலுக்கு முந்தின வாரம் தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துகள் நின்றது ஞாபகம் இருக்கும். ஜனவரி 4-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 11-ஆம் தேதி வரை போனது. ஊதிய உயர்வு 2.57 மடங்கா 2.44 மடங்கா என்பதுதான் செய்திகளில் பெரிதாக ஓடியது. தொழிலாளர்கள் கூடவே கேட்டுக்கொண்டிருந்த இன்னொன்று, தங்கள் சம்பளத்தில் பி.எஃப்., காப்பீட்டுப் பிரீமியம், கூட்டுறவுச் சங்கக் கடன் என்று பிடித்துவிட்டுப் போக வேண்டிய இடத்துக்குப் போகாத பணம். போக்குவரத்துக் கழகங்கள் அதை அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொண்டன. ஓய்வுபெற்றவர்களுக்கான பாக்கியும் சேர்த்துத் தொழிற்சங்கங்கள் சொன்ன கணக்கு சுமார் 7,000 கோடி ரூபாய். டீசல் வாங்கப் பணம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த டீசலுக்குக் காசு கொடுத்தவர் ஓட்டுநரும் நடத்துநரும், அவர்களைக் கேட்காமலே. வெளிநாட்டிலும் இதே கதைதான்: பிரிட்டனில் 1991-இல் பத்திரிகை முதலாளி ராபர்ட் மாக்ஸ்வெல் இறந்த பிறகுதான், மிரர் குழுமத் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 40 கோடி பவுண்டுக்கு மேல் எடுத்திருந்தது வெளியே வந்தது. அதற்குப் பிறகே 1995-இல் அந்த நாடு ஓய்வூதியச் சட்டத்தை இறுக்கியது.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அவர் வேலை செய்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். அது ஒரு தனியார் நிறுவனம். சின்ன ஊர், பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கிருந்த மேனேஜர், "அது உங்களுக்கும் கான்ட்ராக்டருக்கும் உள்ள விஷயம்" என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுத்தான் நம் ஆட்கள் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். பி.எஃப். திட்டத்தின் 30-ஆவது பத்தி தெளிவாகச் சொல்கிறது: கான்ட்ராக்டர் வழியாக வைத்த ஆட்களுக்கும் இரண்டு பங்கையும் செலுத்தும் பொறுப்பு முதன்மை முதலாளியுடையது. கட்டிவிட்டு, அதே 1952 சட்டத்தின் 8ஏ பிரிவின்படி கான்ட்ராக்டர் பில்லில் கழித்துக்கொள்ளலாம். கான்ட்ராக்டர் கப்பலேறிப் போனாலும் ஜெட்டிப் பக்கத்தில் இருக்கிற நிறுவனம் எங்கும் போகாது. தீவில் இருக்கிற நமக்கு இந்தச் சட்டத்திலேயே பெரிய பிடிமானம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த 30-ஆவது பத்தியையும் 8ஏ பிரிவையும் எழுதி, 14 சம்பளச் சீட்டு, அதே மாதங்களின் பேங்க் வரவு, நிறுவனம் கொடுத்த கேட் பாஸ், பாஸ்புக் பிரதி எல்லாவற்றையும் சேர்த்து இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர் தளத்தில் புகார் போட்டோம். அதே கட்டை இங்கே இருக்கிற பி.எஃப். அலுவலகத்திலும் நேரில் கொடுத்து ரசீது வாங்கினோம். புகாரில், எனக்கு வர வேண்டியது என்று மட்டும் எழுதாமல், ஜூன் மாதத்து 31 பேர் பட்டியலையும் ஜூலை மாதத்து 12 பேர் பட்டியலையும் பக்கம் பக்கமாக வைத்தோம். அதனால்தான் விஷயம் ஒருத்தர் குறையாக நிற்காமல் முழு நிறுவனத்தின் மீதான விசாரணையாக மாறியது. அந்தச் சட்டத்தின் 7ஏ பிரிவு விசாரணையில் அதிகாரிக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் இருந்தது: ஆளைக் கூப்பிடலாம், மஸ்டர் ரோலைக் கொண்டுவரச் சொல்லலாம். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆதாரம் திரட்டுவது அதிகாரியின் கடமை என்று இந்திய உணவுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கும் கான்ட்ராக்ட் ஆட்களைப் பற்றியதுதான். ஆகவே எல்லா நிரூபணமும் தொழிலாளி தலையில் இல்லை.

நோட்டீஸ் போனதும் கான்ட்ராக்டரின் ஆள் நேராக அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் கவர். "25,200 ரூபாய், பதினாலு மாசத்துக்கும் பிடிச்சது அப்படியே இருக்கு. எல்லாம் செட்டில் ஆயிடுச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, புகாரை வாபஸ் வாங்கிடுங்க." அண்ணனுக்கு அப்போது பணமுடை. பேரனுக்குக் காதுகுத்து, ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க வேண்டும். அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அடுப்படியிலிருந்து அண்ணிதான் கேட்டார்: "இதை வாங்கிட்டா மாசாமாசம் வர்றது வருமா தம்பி?"

வராது அண்ணி என்றேன். அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். கவரில் இருப்பது அண்ணனிடம் பிடித்த பாதி மட்டும். முதலாளி போட வேண்டிய இன்னொரு 25,200 அதில் இல்லை. அதில்தான் பென்ஷன் நிதிக்கான 17,500 இருக்கிறது. அது கட்டப்பட்டு அந்த 14 மாதமும் சேவையில் ஏறினால் தோராயக் கணக்கு எளிது: சம்பளம் 15,000, சேவை 10 வருஷம், பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 2,140 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வருஷத்துக்கு 25,700. கவரில் இருக்கிற பணம் ஒரு வருஷப் பென்ஷனுக்கே காணாது. அண்ணன் இருக்கும் வரை அவருக்கு, அதன் பிறகு அண்ணிக்கு விதவை ஓய்வூதியம். அண்ணி கேட்டுவிட்டு, வந்தவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

இதே இடத்தில் எத்தனையோ பேர் கவரை வாங்கியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இருக்கிற முடைக்கு இருக்கிற பணம். ஆனால் அந்தக் கையெழுத்தைக் கேட்டு வருகிறவர், தான் எதிலிருந்து தப்பிக்கிறோம் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வருகிறார். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பென்ஷன் திட்டத்தின் விதியில், பென்ஷனுக்குரிய சேவை என்பது சந்தா வந்து சேர்ந்த காலம் மட்டுமல்ல, வர வேண்டிய காலமும் சேர்த்துத்தான். முதலாளி கட்டவில்லை என்பதற்காகத் தொழிலாளியின் சேவை செத்துப்போகக் கூடாது என்பதே அதன் பொருள். ஆனால் நடப்பில், ஃபாரம் கணினிக்குள் போகும்போது வரவு இருக்கிற மாதம்தான் எண்ணிக்கைக்கு வருகிறது. அதனால் விதியைக் கடிதத்தில் எழுதுங்கள். பணத்தையும் கட்ட வையுங்கள்.

கம்பெனியே மூடிப்போனால் என்ன செய்வது என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அப்போதும் பி.எஃப். பாக்கிதான் முதலில். 1952 சட்டத்தின் 11-ஆவது பிரிவு அந்த முன்னுரிமையைக் கொடுத்தது. ஜெட் ஏர்வேஸ் பறக்காமல் நின்று திவாலான பிறகும், பணியாளர்களின் பி.எஃப்., பணிக்கொடைப் பாக்கியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது.

அண்ணன் வழக்கு உத்தரவு வரைக்கும் போகவில்லை. விசாரணைக்கு வந்த நிறுவனம், கான்ட்ராக்டரின் டெபாசிட் இன்னும் தங்கள் கையில் இருப்பதைப் பார்த்து, அதிலிருந்தே வட்டியோடு கட்டிவிட்டது. 2024 நடுவில் அண்ணனின் பாஸ்புக்கில் 14 வரிகள் புதிதாக ஏறின. பென்ஷனுக்கான 10டி படிவம் போட்டோம். பென்ஷன் இப்போது 58 முடிந்த தேதியிலிருந்து கணக்காகி வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணோடு இணைந்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக வரவான பணமும் இருப்பும் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதுசாக ஒரு யு.ஏ.என். போட்டுவிடுகிறார்களா என்று பாருங்கள். பழைய எண்ணையே கொடுங்கள். சில சமயம் பணம் காணாமல் போயிருக்காது, இன்னொரு எண்ணில் கிடக்கும். சம்பளத்தை ரொக்கமாக வாங்காமல் பேங்கில் வாங்குங்கள். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மாதாமாதம் 27-ஆம் தேதி பி.எஃப். அதிகாரிகள் மாவட்டந்தோறும் நேரில் குறை கேட்கிறார்கள். அங்கே தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள். 14470 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த 19 பேருக்கும் பணம் வரவாகிவிட்டது. அண்ணனோடு சேர்த்து 11 பேருக்குச் சொல்லியாயிற்று. மிச்சம் எட்டுப் பேர் 2022, 2023-லேயே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் முதுகுளத்தூர்ப் பக்கம், ஒருத்தர் திருச்செந்தூர்ப் பக்கம் என்று அண்ணன் சொல்கிறார், மற்றவர்களைப் பற்றித் தகவல் இல்லை. போன் எண் மாறியிருக்கும், அதனால் எஸ்.எம்.எஸ். போயிருக்காது. 2021 ஜூலைக்கும் 2022 ஆகஸ்டுக்கும் நடுவில் ஃபீனிக்ஸ் பேயில் கான்ட்ராக்டில் பெயின்டிங், லோடிங் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், பாஸ்புக்கை ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.